1,457 யார்டு பாக்கி: பாரி சாண்டர்ஸ் ஏன் நடையைக் கட்டினார்?

மிச்சிகன் முத்து

போன ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு டெட்ராய்ட் போயிருந்தேன். ஃபோர்டு ஃபீல்டு மைதானத்துக்கு வெளியே பாரி சாண்டர்ஸ் சிலை நிற்கிறது, 2023 செப்டம்பரில் திறந்தது. "யாருப்பா இவர்?" என்றாள். அமெரிக்கன் ஃபுட்பாலில் லயன்ஸ் அணியின் ரன்னிங் பேக், இவரை மாதிரி ஓடியவர் கிடையாது என்றேன். "எத்தனை கப் ஜெயிச்சார்?" ஒன்றும் இல்லை. "அப்புறம் எதுக்குச் சிலை?" பதில் சொல்லத் தெரியாமல் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

மறுநாள் ஆபீசில் மதியச் சாப்பாட்டின்போது இந்தப் பேச்சை எடுத்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் இதே ஊர்க்காரர், அறுபதைத் தாண்டியவர். சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டார். கால் நூற்றாண்டு ஆகிவிட்டது, அவருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

கதை இதுதான். 1998 சீசன் முடிந்தபோது பாரி பந்தோடு ஓடி முன்னேறிய கணக்கு 15,269 யார்டு. எல்லாக் காலத்துக்குமான சாதனை அப்போது வால்டர் பேட்டனுடையது, 16,726. பாக்கி 1,457. கடைசி ஐந்து சீசனில் ஒவ்வொன்றிலும் பாரி அதைவிட அதிகமாகத்தான் ஓடியிருக்கிறார். ஒரே ஒரு வருஷம் ஆடியிருந்தால் போதும். ஆனால் 1999 ஜூலைக் கடைசியில், பயிற்சி முகாம் தொடங்கும் நேரம் பார்த்து, சொந்த ஊரான விச்சிட்டாவின் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ். ஆட்டத்தில் தொடர்வதைவிட விலகும் ஆசைதான் இப்போது பெரிதாக இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தார். மனுஷன் லண்டனுக்கு விமானம் ஏறிவிட்டார். வயது 31, உடம்பில் ஒரு கோளாறும் இல்லை.

இது சரியா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கிரிக்கெட் கண்ணன்

நான் இந்தப் பக்கத்துக்குப் புதுசு. ரன்னிங் பேக் என்றால் என்ன வேலை? 1,457 யார்டு என்பது பெரிய விஷயமா? ஒன்றரைக் கிலோமீட்டர்கூட வராது போலிருக்கிறதே!

சில்வர்டோம் சிவா

தம்பி கண்ணன், சிரிப்பு வந்தாலும் நியாயமான கேள்விதான். ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு அடியிலும் உன்னைத் தரையில் அடிக்க 11 பேர் வருகிறார்கள், அதில் பாதிப்பேர் 100 கிலோவுக்கு மேல்.

நாலு முயற்சியில் 10 யார்டு முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். முன்னேற இரண்டு வழி. குவார்ட்டர்பேக் பந்தை வீசலாம், அல்லது பின்னால் நிற்கிற ரன்னிங் பேக்கின் வயிற்றில் பந்தைத் திணித்து "ஓடு" என்று விடலாம். முன்வரிசையில் ஐந்து மலைகள் நின்று எதிராளியைத் தள்ளிச் சந்து திறப்பார்கள். அந்தச் சந்து அரை நொடிதான் திறந்திருக்கும். ஓட்டத்துக்கு 4 யார்டு கிடைத்தால் ஊரே மெச்சும். பாரி பத்து வருஷம், 3,062 ஓட்டம், சராசரி 5 யார்டு.

ஆள் 5 அடி 8 அங்குலம், 92 கிலோ. கபடியில் நாலு பேர் வளைத்த பிறகும் கோட்டைத் தொட்டுவிடுகிற ரெய்டரைப் பார்த்திருப்பாயே, அந்த ஜாதி. மற்ற ரன்னிங் பேக்குகள் திறந்த சந்தில் நுழைவார்கள். இவர் சந்து அடைபட்ட பிறகுதான் வேலையையே ஆரம்பிப்பார்.

நான் 1990இல் இங்கே படிக்க வந்தவன். லயன்ஸ் அப்போது பான்டியாக்கில் இருந்த சில்வர்டோமில் ஆடினார்கள். கூரை துணி மாதிரி, உள்ளே காற்றடித்துத் தூக்கி நிறுத்தியது. ஆட்டம் முடிந்து கதவைத் திறந்தால் உள்காற்று முதுகில் கை வைத்து வெளியே தள்ளும். குல்லாய் பறக்கும். 1992 ஜனவரி 5, டாலஸ் கவ்பாய்ஸுடன் பிளேஆஃப், அதாவது சீசன் முடிந்த பிறகு வரும் நாக்அவுட். நண்பன் ஒருவன் எப்படியோ டிக்கெட் புரட்டிவிட்டான். டாலஸ் ஆட்கள் பாரி ஒருவரை அடக்குவதற்கே கூட்டம் போட்டு நின்றார்கள். அதனால் நம் குவார்ட்டர்பேக் எரிக் க்ரேமருக்குப் பாதை திறந்துகொண்டது, 341 யார்டு வீசித் தள்ளினார். நாலாவது கால்பகுதியில் பாரி நடுவில் நுழைந்தார். உடம்புக் குவியலில் ஆள் காணாமல் போனார். என் பக்கத்தில் இருந்தவர் உட்கார்ந்தே விட்டார், முடிந்தது என்று. குவியலின் மறுபக்கத்திலிருந்து அந்த 20ஆம் எண் சட்டை மட்டும் தனியே வெளியே வந்தது. 47 யார்டு, கோல் கோட்டைத் தாண்டி டச்டவுன். 38-6.

1957 சாம்பியன்ஷிப்புக்குப் பிறகு லயன்ஸ் ஜெயித்த ஒரே பிளேஆஃப் ஆட்டம் அது. அடுத்தது 2024 ஜனவரியில்தான். நடுவில் 32 வருஷம். முத்து, உங்கள் மகள் கேட்டதற்குப் பதில் அந்த 32க்குள் எங்கேயோ இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

சிவா அண்ணன் கண்ணில் நீர் மல்க எழுதிவிட்டார், நான் வில்லன் வேஷம் போடுகிறேன்.

பாரியின் ஹைலைட்ஸ் பார்க்க அருமையாக இருக்கும். ஹைலைட்ஸில் வராததையும் பாருங்கள். பின்பக்கமாக ஓடி 3 யார்டு இழந்த ஓட்டங்கள் கணக்கு வழக்கில்லாமல் இருக்கின்றன. 1994 டிசம்பர் 31, கிரீன் பேயில் பிளேஆஃப். 13 ஓட்டம், மொத்தம் -1 யார்டு. ஆமாம், மைனஸ் ஒன்று. லயன்ஸ் அணி முழுவதும் சேர்ந்து ஓடியது -4. தோற்றது வெறும் 16-12. பாரி ஒரு 40 யார்டு ஓடியிருந்தாலே முடிவு வேறு.

கோல் கோட்டுக்கு அருகே போனால் பல சமயம் இவரை வெளியே எடுத்துவிட்டு வேறு ஆளை அனுப்புவார்கள். அதனால்தான் ஓடி எடுத்தது 99 டச்டவுன். டாலஸின் ரன்னிங் பேக் எமிட் ஸ்மித் 164. பிளேஆஃப் ஆறு ஆட்டம், ஒரு வெற்றி, ஐந்து தோல்வி. இதைச் சொன்னால் மட்டும் எல்லோருக்கும் கோபம் வருகிறது.

டாலஸ் தேவி

எமிட் பெயர் வந்துவிட்டது, இனி நான் சும்மா இருக்க முடியாது.

"அந்த ஆஃபென்சிவ் லைன் இருந்தால் எங்க பாட்டிகூட ஓடுவாள்" என்று எமிட்டைப் பற்றிச் சொல்வது ஒரு ஃபேஷன். சரி. 1993 சீசன் ஆரம்பத்தில் சம்பளத் தகராறில் எமிட் ஆட வரவில்லை. அதே முன்வரிசை லைன், அதே குவார்ட்டர்பேக் டிராய் எய்க்மன், பந்து பிடிக்க அதே மைக்கேல் இர்வின். முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. எமிட் திரும்பி வந்தார், சூப்பர் பவுல் என்கிற இறுதிப்போட்டியையே ஜெயித்தார்கள். பாட்டி எங்கே போயிருந்தாள்?

அந்த சீசனின் கடைசி ஆட்டம், 1994 ஜனவரி 2, ஜயன்ட்ஸுக்கு எதிராக. முதல் பாதியிலேயே தோள்பட்டை மூட்டு விலகிவிட்டது. கை தொங்குகிறது. அப்படியே 32 ஓட்டம், 10 கேட்ச், மொத்தம் 229 யார்டு. கூடுதல் நேரத்தில் 16-13. ஒவ்வொரு முறை விழுந்த பிறகும் அவர் எழுந்திருக்கிற விதத்தைப் பாருங்கள், ஒரு கையை மட்டும் ஊன்றி. பாரி அழகு, ஒத்துக்கொள்கிறேன். வேலை என்று வந்தால் எமிட். 15 சீசன், 4,409 ஓட்டம், 18,355 யார்டு. பேட்டனின் சாதனையை 2002 அக்டோபரில் அவர்தான் தாண்டினார். ஏனென்றால் அவர் வேலைக்கு வந்துகொண்டே இருந்தார்.

சில்வர்டோம் சிவா

தேவி, அந்த ஜயன்ட்ஸ் ஆட்டத்துக்கு நானும் எழுந்து நின்று வணக்கம் வைப்பேன். ஆனால் ஒன்று. எமிட்டுக்கு முன்னால் டாரில் ஜான்ஸ்டன் என்று ஒரு ஃபுல்பேக், இடித்து வழி பண்ணிக் கொடுக்க. பாரி வந்த புதிதில் லயன்ஸ் ஆடியது 'ரன் அண்டு ஷூட்'. நாலு பேர் பந்து பிடிக்க ஓடிவிடுவார்கள், பாரிக்கு முன்னால் இடிக்க ஆளே இல்லை. 1997இல் கோச் பாபி ராஸ் வந்து, இரண்டு ஆட்டம் சொதப்பிய பிறகு ஒரு ஃபுல்பேக்கை முன்னால் நிறுத்தினார். அப்புறம் என்ன நடந்தது என்று நம் கணக்குப்பிள்ளையே சொல்லட்டும்.

கணக்குப்பிள்ளை

சொல்கிறேன், வேறு வழியில்லை. முதல் இரண்டு ஆட்டத்தில் 33, 20, மொத்தம் 53 யார்டு. அடுத்த 14 ஆட்டமும் ஒன்று விடாமல் நூறுக்கு மேல். முடிவில் 2,053, சராசரி 6.1. ஓ.ஜே. சிம்சன், எரிக் டிக்கர்சனுக்குப் பிறகு 2,000ஐத் தாண்டிய மூன்றாவது ஆள். லீகின் சிறந்த வீரருக்கான எம்விபி விருது குவார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வுடன் பங்கு. போதுமா?

கிரிக்கெட் கண்ணன்

2,000 என்பது நம் ஊர்க் கணக்கில் எது மாதிரி?

கணக்குப்பிள்ளை

தம்பி, நூறாண்டைத் தாண்டிய இந்த லீகில் அதைச் செய்தவர்களை எண்ண இரண்டு கை விரல்கள் போதும். கடைசியாக 2024இல் சாக்வான் பார்க்லி, 2,005. டிக்கர்சனின் 2,105ஐத் தாண்ட ஒரு ஆட்டம் பாக்கி இருந்தது. பிளேஆஃபுக்காக உட்கார வைத்துவிட்டார்கள். அவர் அணி ஈகிள்ஸ் சூப்பர் பவுலை ஜெயித்தது, ஒருத்தரும் குறை சொல்லவில்லை. பாரிக்கு அந்த மாதிரிச் சாக்குகூட இல்லை என்பதுதான் என் வாதம்.

ஒஹாயோ பிசியோ

நான் பிசியோதெரபிஸ்ட். ஆட்டக்கணக்கு தெரியாது, முழங்கால் தெரியும்.

"உடம்பில் ஒரு கோளாறும் இல்லை" என்று முத்து எழுதியிருக்கிறார். இல்லாதபோது நிறுத்துவதுதானே நல்லது? டெரல் டேவிஸைப் பாருங்கள். 1998இல் 2,008 யார்டு. அடுத்த சீசனிலேயே முழங்கால் தசைநார் கிழிந்தது, 2001க்குப் பிறகு ஆட்டமே இல்லை. ஏர்ல் கேம்பல் எட்டு சீசன் எதிராளிகளை முட்டித் தள்ளியவர், பிற்காலத்தில் நடக்கவே சக்கர நாற்காலி தேவைப்பட்டது. இன்னொன்று, பாரிக்கு முன் லயன்ஸில் அந்த 20ஆம் எண்ணைப் போட்டிருந்தவர் பில்லி சிம்ஸ். 1984இல் முழங்கால் போய், அத்தோடு முடிந்தது. தினமும் போடுகிற சட்டையே எச்சரிக்கைப் பலகை மாதிரி.

முழு வேகத்தில் ஓடி, ஒரு காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி வேறு திசையில் பாய்வதை அவர் ஆட்டத்துக்கு இருபது தடவை செய்தார், சில்வர்டோமின் சிமெண்ட் மாதிரியான செயற்கைப் புல்லில். 160 ஆட்டத்தில் 153 ஆடியிருக்கிறார் என்பது எனக்கு 2,053ஐவிடப் பெரிய எண். சாதாரண முழங்கால் இல்லை அது.

மிச்சிகன் முத்து

இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் பயந்து நிறுத்தியதாக அவர் எங்கேயும் சொன்னதாகத் தெரியவில்லையே.

சில்வர்டோம் சிவா

பயம் இல்லை முத்து. அலுப்பு. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்த அலுப்பு.

அந்த டாலஸ் ஆட்டத்துக்கு முன்னால், 1991 சீசன் நடுவில், முன்வரிசை லைன்மேன் மைக் அட்லி ஒரு ஆட்டத்தில் கழுத்தெலும்பு முறிந்து விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும்போது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அந்த விரலை வைத்துத்தான் அணி அந்த வருஷம் முழுக்க ஜெயித்தது. அதற்கப்புறம் அவர் காலால் ஓடவில்லை. ஏழு மாதம் கழித்து இன்னொரு லைன்மேன், எரிக் ஆண்டோல்செக், லூசியானாவில் தன் வீட்டு முற்றத்தில் நின்றிருந்தபோது சாலையை விட்டு விலகி வந்த லாரி மோதி இறந்துபோனார். பாரி 2,000 தாண்டிய ஆட்டம், 1997 டிசம்பர் 21, ஜெட்ஸுடன். அதே ஆட்டத்தில் லயன்ஸின் ரெஜி பிரவுன் தண்டுவடம் அடிபட்டு மூச்சு நின்று கிடந்தார். மைதானத்திலேயே செயற்கை மூச்சு கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை ஸ்டேடியமே பாரி, பாரி என்று அலறிக்கொண்டிருந்தது, பத்து நிமிடத்தில் மயான அமைதி. 2,000 யார்டைக் கொண்டாட யாருக்கு மனசு வரும்?

அப்புறம் நிர்வாகம். லோமஸ் பிரவுன் போனார், கிறிஸ் ஸ்பீல்மன் போனார். பாரிக்கு முன்னால் வருஷக்கணக்காக முன்வரிசை நடுவில், சென்டராக நின்ற கெவின் குளோவரை 1997 சீசன் முடிந்ததும் சியாட்டிலுக்குப் போக விட்டார்கள். 1998இல் 5-11, அதாவது 5 வெற்றி, 11 தோல்வி. பாரி அந்த சீசனில் 1,491 யார்டு. வழி விட ஆள் இல்லாமல் அது எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

ஃபோர்டு ரோடு பாபு

எல்லாம் சரி சிவா சார். அலுத்துப்போனால் ஜனவரியில் சொல்லியிருக்கலாமே? கல்லூரி வீரர்களை எடுக்கிற டிராஃப்ட் ஏப்ரலில். மற்ற அணி வீரர்களை வாங்குகிற காலம் வசந்தத்தில். இரண்டும் முடிந்து, ஆட்கள் முகாமுக்குப் பெட்டி கட்டும்போது ஃபேக்ஸ் அனுப்பினால் அது யாருக்குச் செய்த நியாயம்? கூட ஆடின பசங்களுக்கு இவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? முத்து, உங்கள் ஆபீஸ்காரர் சாண்ட்விச்சைக் கீழே வைத்தது அதற்காகத்தான், பேட்டன் சாதனைக்காக இல்லை. கேட்டுப் பாருங்கள்.

பணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1997இல் புது ஒப்பந்தம், 1 கோடியே 10 லட்சம் டாலர் சைனிங் போனஸ். இரண்டு வருஷத்தில் கிளம்பிவிட்டார். பாதியைத் திருப்பிக் கொடு என்று லயன்ஸ் கேட்டது. மத்தியஸ்தர் வரை போய், 2000 பிப்ரவரியில், முதலில் 18 லட்சத்து 33 ஆயிரம் டாலர் கட்டு என்று தீர்ப்பு வந்தது.

டாலஸ் தேவி

பணம் விஷயத்தில் நான் பாரி பக்கம். வேறு அணிக்கு மாற்றவும் மாட்டோம், விடுவிக்கவும் மாட்டோம், ஆடாவிட்டால் பணத்தை எடு என்றால் அது என்ன ஊர் நியாயம்? 2016இல் கால்வின் ஜான்சன் ஓய்வு பெற்றபோதும் அதே லயன்ஸ் அதே மாதிரிப் போனஸைத் திருப்பி வாங்கியது. பட்டும் திருந்தாத வீடு.

கணக்குப்பிள்ளை

பாபு அண்ணனுக்கு ஒரு தகவல், கோபப்பட வேண்டாம். பாரி இருந்த 1998இல் 5-11. பாரி போன 1999இல் 8-8, பிளேஆஃப் உள்ளே. "முகாமுக்கு முன்னால் கழுத்தறுத்தார்" என்கிறீர்கள், அணி கழுத்தோடுதான் இருந்தது.

ஃபோர்டு ரோடு பாபு

அது வேறு கணக்கு. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் நாள் சமையல்காரர் சொல்லாமல் ஊருக்குப் போய், சாப்பாடு எப்படியோ நன்றாக வந்துவிட்டால் சமையல்காரர் செய்தது சரியாகிவிடுமா?

விச்சிட்டா விஜி

மூன்று பக்கம் ஓடிவிட்டது, ஒருவரும் எங்கள் ஊருக்கு வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே விச்சிட்டாவில் ஏழு வருஷமாக இருக்கிறேன். பாரி விஷயத்தை 1999இலிருந்து ஆரம்பித்தால் புரியாது. பின்னாலிருந்து வர வேண்டும்.

11 பிள்ளைகள் உள்ள வீடு. அப்பா வில்லியம் கூரை வேலையும் தச்சு வேலையும் செய்தவர். கோடையில் பையன்களையும் ஏணியில் ஏற்றிவிடுவார். கான்ஸஸ் ஜூலை வெயிலில் தார் ஷீட் ஒட்டுவது எப்படி இருக்கும் என்று இங்கே வந்து பார்த்தால்தான் தெரியும், போன வருஷம் எங்கள் வீட்டுக் கூரைக்கு வந்த ஆட்கள் காலை ஆறு மணிக்கே ஏறிவிட்டார்கள். பிள்ளை எத்தனை ஓடினாலும் அந்த அப்பாவுக்குப் பழைய ரன்னிங் பேக் ஜிம் பிரவுன்தான் பெரிய ஆள். ஜிம் பிரவுன் என்ன செய்தார்? 12,312 யார்டு, சாதனை கையில், 1966இல் சினிமா படப்பிடிப்புக்கு லண்டன் போன இடத்தில் இருந்தே ஓய்வு என்று அறிவித்தார். வயது 30. இவரும் லண்டனுக்குத்தான் போனார்! தற்செயல்தான், ஆனாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

பள்ளியில் கடைசி வருஷத்தில்தான் பாரியை ரன்னிங் பேக்காகவே போட்டார்கள். கடைசி ஆட்டத்தில், இன்னும் கொஞ்சம் ஓடினால் நகரத்தின் முதலிடம் உனக்கு என்று கோச் சொன்னார். சின்னப் பசங்க ஆடட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். கல்லூரியில் இரண்டு வருஷம் தர்மன் தாமஸுக்குப் பின்னால் காத்திருந்து, 1988இல் 11 ஆட்டத்தில் 2,628 யார்டு. 2024இல் கல்லூரி வீரர் ஆஷ்டன் ஜென்டி 14 ஆட்டம் ஆடியும் 27 யார்டு குறைந்துபோனார். கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது அறிவித்தபோது பாரி டோக்கியோவில், அங்கே ஒரு ஆட்டம். விருதைச் செயற்கைக்கோள் வழியாக, கட்டாயத்துக்கு நின்று வாங்கிவிட்டு, போய் 332 யார்டு ஓடினார்.

1989, லயன்ஸில் முதல் வருஷம், கடைசி ஆட்டம். லீகின் முதலிடம் கிறிஸ்டியன் ஒகோயே, 1,480. பாரி 1,470. பத்தே யார்டு. ஆட்டம் கையில் இருக்கிறது, உள்ளே போகிறாயா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றார். பத்து யார்டு வேண்டாம் என்றவருக்கு 1,457 எதற்கு?

மிச்சிகன் முத்து

விஜி, அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு நேராகப் போய் ஆபீஸ்காரரிடம் கேட்டேன். பாபு சொன்னது சரி. பேட்டன் சாதனை பற்றி அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. "1998இல் பால்டிமோரில் அந்தக் கடைசி ஆட்டத்தை டிவியில் பார்த்தேன், பாதியில் எழுந்துபோய் வாசலில் பனி தள்ளினேன். அதுதான் கடைசி என்று தெரிந்திருந்தால் உட்கார்ந்து பார்த்திருப்பேன்" என்றார். அவ்வளவுதான் அவருடைய வழக்கு.

சில்வர்டோம் சிவா

நானும் அன்றைக்கு வேறு சேனலுக்கு மாற்றிவிட்டேன்.

கிரிக்கெட் கண்ணன்

எல்லாவற்றையும் படித்தேன். இப்போது பார்க்கணும் போல இருக்கிறது. அந்த -1 யார்டு ஆட்டத்திலிருந்து ஆரம்பிக்கவா?

கணக்குப்பிள்ளை

அதை விடு தம்பி, அது எங்களை மாதிரி ஆட்களுக்கு. 1997 அக்டோபர், டாம்பா பேயுடன் ஆடியதைத் தேடு. ஒரே ஆட்டத்தில் இரண்டு ஓட்டம், 80 யார்டும் 82 யார்டும், இரண்டும் டச்டவுன். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார். வர்ணனையாளருக்கு முன்னால் நீயே கத்திவிடுவாய்.